வண்டிக்குப் பின்னால் ஒரு நாய்

போன மாதம் ஒரு தம்பி மெசேஜ் அனுப்பியிருந்தான். பொம்மைக் கார் சேகரிப்பு வழியாகப் பழக்கமானவன், சேர்க்கத் தொடங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. "அண்ணா, அந்த வோல்வோ 850 எஸ்டேட் உங்ககிட்ட இருக்குல்ல? பின்னாடி நாய் உக்காந்திருக்கே, செம இல்ல?"

நாயா?

என்னிடம் அந்த வண்டி நான்கு இருக்கிறது. நான்கும் நான்கு நிறம். எந்த அட்டைப்பெட்டியில், எத்தனாவது அடுக்கில் என்று எக்செல் சொல்லும். என்றைக்கு வாங்கினேன், சக்கரம் எந்த வகை, அடித்தட்டில் குத்தியிருக்கும் குறியீடு என்ன, அட்டை முனை மடங்கியிருக்கிறதா, எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கிறது. நாய் என்று ஒரு கட்டம் இல்லை. "ஆமா தம்பி, செம" என்று பதில் போட்டுவிட்டு, கட்டிலுக்கடியில் கையை விட்டு ஏழாம் எண் பெட்டியை இழுத்தேன்.

போன் டார்ச்சை அடித்தால் அட்டையில் வண்டியை மூடியிருக்கும் பிளிஸ்டர் பிளாஸ்டிக்கில் பட்டு வெளிச்சம் கண்ணில் தெறிக்கிறது, ஒன்றும் தெரியவில்லை. அட்டையைச் சாய்த்து, பின் கண்ணாடிக்கு நேராக ஒரு கண்ணை வைத்துப் பார்த்தேன். இருக்கிறது. வண்டியே மூன்று அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. அதற்குள் சுண்டுவிரல் நகத்தில் பாதி உயரம் இருக்குமோ என்னவோ, ஒரு நாய். சீட்டோடு சேர்த்து ஒரே பிளாஸ்டிக்கில் வார்த்தது. தனி நிறம்கூடக் கிடையாது. ஆனால் காது தெரிகிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த நாயின் கதை எனக்கு நன்றாகவே தெரியும். 1994இல் பிரிட்டிஷ் டூரிங் கார் பந்தயத்தில் வோல்வோ இந்த எஸ்டேட்டை இறக்கியது. சாமான் ஏற்றிப்போகிற குடும்ப வண்டியைப் பந்தயத்துக்குக் கொண்டுவந்தால் சிரிக்கமாட்டார்களா? சிரித்தார்கள். அவர்களும் சளைக்காமல், ஒருமுறை அணிவகுப்புச் சுற்றில் பின்பக்கம் பெரிய பொம்மை நாய் ஒன்றை உட்கார வைத்து ஓட்டிக் காட்டினார்கள். இந்தக் கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! அந்த நாய் நான்கு பிரதிகளாக என் கட்டிலுக்கடியில் உட்கார்ந்திருந்தது மட்டும் தெரியாது.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. வருத்தம் என்றும் சொல்ல முடியாது, ஒரு மாதிரி அசிங்கமாக இருந்தது.

முதலில் இப்படி இல்லை. நான் சேர்க்கத் தொடங்கியபோது வாங்கிய முதல் முப்பது நாற்பது வண்டிகளைக் கண்ணை மூடிக்கொண்டு தடவிக் கொடுத்தால்கூட எது எது என்று சொல்லிவிடுவேன். முதல் வண்டி ஒரு நீலநிற ஃபோக்ஸ்வேகன் பீட்டில். இடது ஹெட்லைட்டின் அச்சு அரை மில்லிமீட்டர் இறங்கிப் பதிந்திருக்கும், ஒரு கண் தூங்கி வழிகிற மாதிரி. அது ஏன் அப்படி ஆகிறது என்று தேடப்போய்த்தான் டாம்போ அச்சு பற்றித் தெரிந்துகொண்டேன். செதுக்கிய தகட்டில் மையைத் தடவி, மெத்தென்ற சிலிக்கான் குமிழால் ஒற்றி எடுத்து, வண்டியின் உடம்பில் அழுத்துகிறார்கள். குமிழ் மெத்தென்று இருப்பதால் வளைவான இடத்திலும் மை பதியும். உடம்பு தாங்கியில் துளி நகர்ந்து உட்கார்ந்திருந்தாலும் கண் தூங்கிவிடும். நிறத்துக்கு ஒரு ஒற்று. அதுபோல ஐந்தாறு ஒற்று வாங்கித்தான் ஒரு வண்டி வெளியே வருகிறது.

அந்த பீட்டிலின் அடித்தட்டில் ஒரு ஆண்டு பொறித்திருந்தது. அதுதான் தயாரித்த ஆண்டு என்று நினைத்துப் பழைய பொக்கிஷம் கிடைத்துவிட்டதாகக் குதித்தேன். புதிதாக வருகிற எல்லோரும் விழுகிற பள்ளம் அது. அந்த ஆண்டு அந்த அச்சு உருவத்துக்கு உரிமை பதிந்த ஆண்டு. ஒரே அச்சிலிருந்து இருபது ஆண்டு கழித்தும் வார்ப்பார்கள், ஆண்டு மாறாது. ஹாட் வீல்ஸில் எப்போது வார்த்தது என்று தெரிய வேண்டுமானால் பக்கத்தில் குத்தியிருக்கும் சின்னக் குறியீட்டைப் பார்க்க வேண்டும். எழுத்து ஆண்டைச் சொல்லும், எண் வாரத்தைச் சொல்லும். இதெல்லாம் ஒரு வண்டியை வைத்துக்கொண்டு ஒரு வாரம் உருட்டியதில் கற்றது. ஒரே ஒரு வண்டி!

ஹாட் வீல்ஸை 1968இல் அமெரிக்கப் பொம்மைக் கம்பெனியான மேட்டல் வெளியிட்டபோது மொத்தமே 16 வண்டி. பெரும்பாலும் அமெரிக்க வண்டிகள், நடுவில் ஒரு ஃபோக்ஸ்வேகன். மெல்லிய கம்பி அச்சு, உராய்வு குறைந்த சக்கரம், பளபளக்கும் உலோகச் சாயம். மற்ற பொம்மைக் கார்கள் தள்ளினால் நான்கு அடியில் நின்றுவிடும், இது ஓடும். இன்றைக்கு அடிப்படை வரிசை என்று நாங்கள் சொல்லும் மெயின்லைனில் மட்டும் ஆண்டுக்கு 250 எண். அட்டையில் 37/250, 143/250 என்று போட்டிருக்கும். அதில் பலவும் அதே ஆண்டிலேயே இரண்டாவது நிறத்திலும் வரும். அதற்கு மேல் குறிப்பிட்ட கடைகளுக்கென்றே தனி நிறம், ஐந்து வண்டிப் பொதி, ரப்பர் டயர் போட்ட பிரீமியம் ஐந்தைந்தாக, லாரியோடு சேர்ந்த ஜோடி, இணையத்தில் மட்டும் விற்பது. கணக்குப் போட வேண்டியதே இல்லை. 250 என்றாலே ஒன்றரை நாளுக்கு ஒரு வண்டி.

அந்த '/250' இருக்கிறதே, அதுதான் என்னைக் கவிழ்த்தது. வகுத்தல் கோட்டுக்குக் கீழே ஒரு எண்ணைப் பார்த்துவிட்டால் என் மாதிரி ஆட்களுக்கு மேலே உள்ளதெல்லாம் நிரம்பியாக வேண்டும். பிடிக்கிறதோ இல்லையோ. சுறாமீனுக்குச் சக்கரம் வைத்தது, டைனோசர் எலும்புக்குச் சக்கரம் வைத்தது என்று குழந்தைகளுக்காகச் செய்த வண்டிகளையெல்லாம் எண்ணுக்காக வாங்கினேன். அட்டையில் எங்கேயும் '250ஐயும் வாங்கு' என்று எழுதவில்லை. அதைச் செய்கிறவர்கள் கொக்கியில் தொங்குவதில் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிற பிள்ளையை மனதில் வைத்துச் செய்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு 250 என்பது தேர்ந்தெடுக்க 250 வாய்ப்பு, எனக்கோ 250 கடன். சட்டம் போட்டவன் நான், மாட்டிக்கொண்டவனும் நான்.

ஒரு ஆண்டு என் எக்செலில் 412 வரி ஏறியது. மெயின்லைன், பிரீமியம், மற்ற கம்பெனிகள் எல்லாம் சேர்த்து. 1:64 அளவில், அதாவது அசல் வண்டியில் அறுபத்து நான்கில் ஒரு பங்கு நீளத்தில், இப்போது நுணுக்கமாகச் செய்கிற கம்பெனிகள் பல வந்துவிட்டன. மினி ஜிடி பல மாடல்களை இடப்பக்க ஸ்டியரிங், வலப்பக்க ஸ்டியரிங் என்று இரண்டாகவே போடும். நான் இரண்டையும் வாங்கினேன். ஏன் என்று கேட்காதீர்கள். ஓட்டப்போவது கிடையாது, உள்ளே ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்று பார்க்கவே பூதக்கண்ணாடி வேண்டும். ஆனால் '-L' இருந்தால் '-R' இருக்க வேண்டும். அதுவும் சட்டம்.

அலுப்பு எப்போது தொடங்கியது என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒரு நாளில் வந்ததில்லை. முதல் அறிகுறி அப்போது புரியவில்லை. முன்பணம் கட்டியிருந்த ஒரு தொகுதி மூன்று மாதம் தள்ளிப்போகிறது என்று செய்தி வந்தது. எரிச்சல் வரவேண்டிய இடத்தில், மழைக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்ட மாதிரி ஒரு நிம்மதி. அப்பாடா, மூன்று மாதம் அதைப் பற்றி யோசிக்க வேண்டாம். ஆசைப்பட்டு வாங்கிய பொருள் வராததில் ஒருவனுக்கு நிம்மதி வருகிறது என்றால் எங்கேயோ இடிக்கிறது என்று அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும்.

முன்பதிவு என்பதே ஒரு விசித்திரமான ஏற்பாடு. வண்டி வருவதற்கு ஆறேழு மாதம் முன்பே படம் வருகிறது, சில சமயம் கணினியில் வரைந்த படம் மட்டும். அந்த நிமிஷம் ஆசை உச்சத்தில் இருக்கும், பணத்தைக் கட்டுகிறோம். வண்டி வந்து சேர்வதற்குள் அதைவிட அழகான முப்பது படங்களைப் பார்த்து, அவற்றுக்கும் கட்டியிருப்போம். கடைசியில் பார்சலைப் பிரிக்கும்போது போன வருடத்து நானொருவன் ஆசைப்பட்டது இன்றைக்கு என் மேஜையில் கிடக்கிறது. அவன் ரசனை எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

அப்புறம் பார்சல்கள் பிரிக்கப்படாமல் கிடக்கத் தொடங்கின. முதலில் ஒரு நாள், பிறகு ஒரு வாரம். பிரிக்கும்போதும் பெயரைப் பார்ப்பேன், எக்செலில் பச்சை அடிப்பேன், பெட்டிக்குள் வைப்பேன். ஒரு வண்டிக்கு இருபது விநாடி. அறை மாற்றுகிற அன்றைக்கு உதவிக்கு வந்த அக்கா ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கிக்கொண்டே "இதுல என்னடா இருக்கு?" என்று கேட்டாள். "அது 2019, ஒண்ணுல இருந்து தொண்ணூறு" என்றேன். "என்னன்னு கேட்டா நம்பர் சொல்ற?" என்று பெட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். கோபம் வந்தது எனக்கு. சரியாகச் சொன்னால் எல்லோருக்கும்தான் கோபம் வரும்.

அரிய வண்டி வேட்டை இதில் தனிக் கொடுமை. 1995இல் ஹாட் வீல்ஸ் டிரஷர் ஹண்ட் என்று 12 வண்டிகளை விட்டது, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிதான். 2007இலிருந்து அதற்கும் மேலே சூப்பர் என்று ஒரு படி. ரப்பர் டயர், மினுங்கும் சாயம், உடம்பில் எங்கேயோ ஒளிந்திருக்கும் டிஎச் எழுத்து. கடைக்கு வரும் 72 வண்டிப் பெட்டியை யார் முதலில் பிரிக்கிறார்கள் என்பதில் இருக்கிறது எல்லாம். அதைத் தேடித் திரிந்த இரண்டு ஆண்டில் எனக்குக் கிடைத்தது மூன்று. அந்த இரண்டு ஆண்டும் கொக்கியில் தொங்கிய மற்ற வண்டிகளை நான் பார்த்ததே 'இது அது இல்லை' என்றுதான். நல்ல வண்டிகள். எல்லாம் 'அது இல்லை' ஆகிவிட்டன. இதைப் பற்றி எழுதினால் எழுதிக்கொண்டே போவேன், விட்டுவிடுகிறேன்.

நாயைப் பார்த்த அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல் மேட்ச்பாக்ஸ் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். இங்கிலாந்தில் லெஸ்னி என்ற கம்பெனி. 1953 முடிசூட்டு விழாவையொட்டி அவர்கள் செய்த சின்னக் குதிரை வண்டி பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. அங்கே ஜாக் ஓடெல் என்ற பொறியாளர். அவர் மகள் படித்த பள்ளியில் தீப்பெட்டிக்குள் அடங்குகிற பொம்மையைத்தான் கொண்டுவரலாம் என்று விதி இருந்ததாம். அவர் ஒரு சாலை உருளையைப் பித்தளையில் குட்டியாகச் செய்து தீப்பெட்டியில் போட்டுக் கொடுத்தார். மற்றப் பிள்ளைகளுக்கும் வேண்டுமென்று ஆகிவிட்டது. அப்படிப் பிறந்தது மேட்ச்பாக்ஸ். இந்தக் கதையும் எனக்கு முன்பே தெரியும். அன்றைக்குக் கண்ணில் பட்டது வேறு. அவர்களுடைய முக்கிய வரிசைக்குப் பெயரே '1-75'. எழுபத்தைந்து எண்கள், அவ்வளவுதான். புதிதாக ஒரு வண்டியைக் கொண்டுவர வேண்டுமென்றால் பழையது ஒன்று எண்ணைக் காலி செய்துவிட்டுப் போக வேண்டும். பேருந்தில் ஒருவர் எழுந்தால்தான் இன்னொருவர் உட்கார முடிகிற மாதிரி.

அந்த வரிசையை வடிவமைத்தவர்கள் ஒவ்வொரு தடவையும் எதை எடுப்பது என்று மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சண்டை போட்டிருப்பார்கள் என்று கற்பனை செய்துகொண்டேன். சிமெண்டு லாரியை எடுத்தால் கட்டுமான வண்டி ஒன்று குறைகிறதே, அந்தப் பழைய ஜாகுவாரைத் தூக்கிவிடலாமா என்று. நான் இதுவரை ஒரு வண்டிக்காகவும் இன்னொரு வண்டியைப் பற்றி அப்படி யோசித்ததில்லை. பெட்டி நிறைந்தால் இன்னொரு பெட்டி. அதனால்தான் எதையும் பார்க்கவே இல்லை.

லெஸ்னியை ரொம்பவும் புனிதமாக்க விரும்பவில்லை. பிரதிகளைக் கோடிக்கணக்கில்தான் கொட்டினார்கள். ஹாட் வீல்ஸ் வந்து வேகத்தில் அடித்ததும் 1969இல் சூப்பர்ஃபாஸ்ட் என்று அவர்களும் சக்கரத்தை மாற்றினார்கள். 1982இல் கம்பெனி நொடித்தது. 1997இல், அப்போது மேட்ச்பாக்ஸைக் கையில் வைத்திருந்த டைக்கோ கம்பெனியை மேட்டல் வாங்கியபோது மேட்ச்பாக்ஸும் அதோடு மேட்டல் கைக்குப் போனது. எழுபத்தைந்தோடு நின்றவர்கள் ஜெயித்தார்கள் என்று கதை முடியவில்லை. அதிகமாகச் செய்தால் ஜெயித்துவிடலாம் என்றும் இல்லை. 2023இல் பெரிய தலை பொம்மைகள் செய்யும் ஃபன்கோ, கிடங்கில் தேங்கிய சரக்கை வைத்திருப்பதைவிட அழிப்பது மலிவு என்று 3 கோடி டாலருக்கும் மேல் மதிப்புள்ளதை ஒழிக்கப்போவதாக அறிவித்தது. அந்தச் செய்தி வந்தபோது நானும் சிரித்தேன். கட்டிலுக்கடியில் பதினொரு பெட்டியை வைத்துக்கொண்டு சிரித்தேன்.

மறுநாளிலிருந்து ஒன்று செய்தேன். வாங்க வேண்டியதில் ஒரு எண்ணை வேண்டுமென்றே விட்டேன். 168. எக்செலில் அந்தக் கட்டம் சிவப்பாகிவிடும், நானே போட்டு வைத்த ஏற்பாடு. மூன்று நாள் அந்தச் சிவப்பு மனதில் உறுத்தியது. பல்லில் ஏதோ மாட்டிக்கொண்டால் நாக்கு அங்கேயே போகுமே, அப்படி. நான்காம் நாள் 171ஐயும் விட்டேன், அவ்வளவாக வலிக்கவில்லை. 180க்கு மேல் எதை விட்டேன் என்றே பார்க்கவில்லை.

பிறகு பெட்டிகளைப் பிரிக்க ஆரம்பித்தேன். இதுதான் எதிர்பாராதது. விற்கலாம் என்று எடுத்த வண்டிகளை ஒவ்வொன்றாக விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். ஒரு மஞ்சள் டாட்சன் வேகனில் கதவுக் கைப்பிடியை எவ்வளவு மெல்லிசாக இழுத்திருக்கிறார்கள்! ஒரு பிக்கப்பின் பின்தொட்டியில் இரண்டு பைக்குகள் படுக்க வைத்திருக்கின்றன. ஒரு வண்டியின் எண் தகட்டில் யாரோ வடிவமைப்பாளர் பிறந்தநாளையோ என்னவோ போட்டு வைத்திருக்கிறார். எல்லாம் எனக்குச் சொந்தமான வண்டிகள், எல்லாவற்றையும் அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்க்கிறேன். விற்கப் போகிற வேளையில் பார்ப்பது கொஞ்சம் கேவலம்தான். ஆனால் வைத்திருந்தபோது பார்த்திருக்கவே மாட்டேன்.

இரண்டு பெட்டியை அந்தத் தம்பிக்கே கொடுத்துவிடலாம் என்று கூப்பிட்டேன். நூற்றைம்பது வண்டி இருக்கும், சும்மா எடுத்துக்கொள் என்றேன். வந்தான், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இரண்டு மணி நேரம். எனக்குப் பொறுமை போய்விட்டது. கடைசியில் ஐந்தை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"அவ்வளவுதானா?"

"போதும்ணா. மீதியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இவ்ளோ இருந்தா எதைப் பாக்குறது?"

நான் சட்டம் போட்டு, சட்டத்தை உடைத்து, தூக்கம் கெட்டு வந்து சேர்ந்த இடத்தில் இவன் பாட்டுக்கு நிற்கிறான். கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. எட்டு மாதம் கழித்து என்ன ஆகிறான் பார்ப்போம் என்றும் தோன்றியது, பொய் சொல்வானேன்.

இப்போது பதினொன்று ஆறாகியிருக்கிறது. வோல்வோ நான்கில் மூன்று போய்விட்டன. மீதியிருந்த ஒன்றின் பிளிஸ்டரை பிளேடால் கீறி, வண்டியை வெளியே எடுத்து, அந்தப் பழைய பீட்டிலுக்குப் பக்கத்தில் மேஜையில் வைத்திருக்கிறேன். அட்டையிலிருந்து எடுத்தால் மதிப்புப் போய்விடும் என்பது எங்கள் வட்டாரத்தில் வேதவாக்கு. போகட்டும். பின்கண்ணாடியில் விரல் ரேகை படிந்து நாய் மங்கலாகத் தெரிகிறது, அவ்வப்போது சட்டை நுனியால் துடைக்க வேண்டியிருக்கிறது.

நேற்று குழுவில் அடுத்த தொகுதியின் படங்கள் கசிந்தன. மொத்தம் நாற்பத்திரண்டு. முன்பென்றால் எல்லாவற்றையும் எக்செலில் ஏற்றிவிட்டுத்தான் படுத்திருப்பேன். மேலோட்டமாகத் தள்ளிக்கொண்டே வந்தேன். ஒன்பதாவது படத்தில் ஒரு ஸ்டேஷன் வேகன். விரலால் பெரிதாக்கி, பின் கண்ணாடிக்குள் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தேன். படம் உடைந்து கட்டம் கட்டமாகிவிட்டது.